கம்மிய குரலுக்கும் மேடை வேண்டும்

பேசும் ஆற்றல் மனித இனம் பெற்ற பெரும் பேறு. தாயின் மடியில் மழலையாய்த் தொடங்கும் அப்பேறு, பள்ளியில் பாடமாய், பாட்டாய், வினாவாய், விடையாய் விரிந்து, வாழ்நாள் முழுவதும் துணை நிற்கிறது. அவ்வாற்றலை வளர்ப்பதில் நம் தமிழ்ப்பள்ளிகளுக்குத் தனிப் பெருமை உண்டு. கவிதை ஒப்புவித்தல், கதை கூறுதல், பேச்சுப் போட்டி, திருமுறை ஓதுதல் ஆகியவை இன்றி நமக்கு ஓர் ஆண்டு நிறைவுறுவதில்லை. கோப்பை ஏந்திய மாணவமணிகளின் படங்கள் இவ்வாண்டு மலரையும் அழகு செய்கின்றன. அவர்களை மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும், அப்படங்களில் இடம்பெறாத சில பிள்ளைகளைப் பற்றி இப்பக்கங்களில் எழுத விழைகிறோம். அவர்கள் அறிவிலோ ஆர்வத்திலோ குறைந்தவர்கள் அல்லர். அவர்களின் குரல் மட்டும் கம்மியிருக்கிறது; கரகரக்கிறது; சில வேளை இடையிலே அறுந்து போகிறது. அக்காரணத்தாலேயே அவர்கள் பேசாப் பிள்ளைகளாக ஆகிவிடுகின்றனர்.

பிறரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. குறை எம்மிடமும் உண்டு என்பதை உணர்ந்தே எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் நான்காம் ஆண்டில் ஒரு மாணவன் பயின்றான். கவிதை ஒப்புவிக்கும் போட்டிக்குப் பேராளரைத் தேர்ந்தெடுக்கும் நாளில், கவிதை முழுவதையும் பிழையின்றி மனனம் செய்துகொண்டு வந்து நின்றான். இரண்டு அடிகள் சொல்வதற்குள் எம்மில் ஒருவர் அவனை நிறுத்தி, “தொண்டை சரியானதும் வா, தம்பி,” என்று அன்போடுதான் சொல்லி அனுப்பினார். அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு அவன் வரவில்லை. வகுப்பில் உரக்க வாசிக்கும் முறை வரும்போதெல்லாம் கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்டான். நண்பர்கள் அவனைத் “தவளை” என்று அழைத்தனர், அவனும் சிரித்துக்கொண்டான். ஆண்டிறுதி அறிக்கையில் நாம், “வாய்மொழிப் பயிற்சிகளில் ஆர்வம் குறைவு,” என்று எழுதினோம்.

அறிக்கையைப் பெற வந்த அவனுடைய தாயார் அதனைப் படித்துவிட்டு வருந்தினார். “வீட்டில் தங்கச்சிக்குத் தினமும் கதை சொல்கிற பிள்ளை டீச்சர் இவன். பள்ளியில் வாயைத் திறந்தால் சிரிக்கிறார்களாம். தொண்டை சரியானதும் வரச் சொன்னீர்களாம். ‘எப்பம்மா சரியாகும்?’ என்று என்னைக் கேட்கிறான். நான் என்ன சொல்வது?” என்றார். எம்மிடமும் விடை இல்லை. அவனுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்தே அக்குரல்தான் என்பதையும், அது நாலு நாள் தொண்டைக்கட்டு அன்று என்பதையும் அன்றுதான் அறிந்தோம். அந்த வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

குரல் எவ்வாறு பிறக்கிறது?

உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, நாவும் இதழும் பல்லும் அண்ணமும் மூக்கும் துணைபுரிய எழுத்தொலிகளாகப் பிறக்கிறது என்று தொல்காப்பியர் தம் பிறப்பியலில் வகுத்துரைத்தார். மூச்சே பேச்சுக்கு மூலப்பொருள் என்பதை நம் முன்னோர் அக்காலத்திலேயே கண்டறிந்திருந்தனர். அம்மூச்சு மிடற்றில் ஒலியாகும் விதத்தை இன்றைய மருத்துவம் இன்னும் நுணுக்கமாக விளக்குகிறது. குரல்வளையினுள் இரு சிறு தசை மடிப்புகள் உள்ளன. அவற்றைக் குரல்நாண்கள் என்கிறோம். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றினூடே செல்லுங்கால் அவை இணைவதும் விலகுவதுமாக அதிர்கின்றன. வளர்ந்த ஆடவருக்கு நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறை வரை நிகழும் இவ்வதிர்வு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஏறத்தாழ 250 முறை நிகழ்கிறது. பிள்ளையின் நாண்கள் குறுகியவை, மென்மையானவை, ஆகவே விரைவாக அதிர்கின்றன.

இதனைக் கொண்டு ஒரு கணக்குப் பார்ப்போம். திடலில் பத்து நிமிடம் இடைவிடாது கூவும் பிள்ளையின் குரல்நாண்கள் ஒன்றரை இலட்சம் முறை ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. கூவும்போது அம்மோதல் வலிமையாகவும் இருக்கிறது. மண்வெட்டி பிடிப்பவரின் உள்ளங்கையும், மரம் சீவுபவரின் விரலும் நாளடைவில் காய்த்துப் போவதை நாம் அறிவோம். அதுபோலவே ஓயாது மோதும் நாண்களின் நடுப்பகுதியில் இருபுறமும் சிறு தடிப்புகள் தோன்றுகின்றன. அவற்றைக் குரல்நாண் முடிச்சுகள் என்பர். முடிச்சு உள்ள நாண்கள் முற்றிலும் இணைய இயலாமையால் காற்று கசிகிறது, குரல் கரகரக்கிறது. பிள்ளைகளுக்கு நெடுநாள் நீடிக்கும் குரல் கம்மலுக்கு இம்முடிச்சுகளே மிகப் பரவலான காரணம். பருவமெய்துவதற்கு முன் இவை சிறுமியரைவிடச் சிறுவரிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன.

காரணம் இஃது ஒன்றே அன்று. ஒவ்வாமை, ஈளை நோய், அடிக்கடி வரும் சளி, வயிற்றின் அமிலம் மேலெழுந்து குரல்வளையைப் புண்படுத்துதல் ஆகியவையும் குரலைக் கெடுக்கும். குறைமாதத்தில் பிறந்து, மூச்சுக்குழாயில் குழாய் செருகி உயிர் காக்கப்பட்ட குழந்தைகள் சிலருக்கும், நெஞ்சில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டவர் சிலருக்கும் குரல்வளை நரம்போ திசுவோ பாதிப்புற்றிருக்கலாம். நச்சுயிரியால் குரல்வளையில் மருக்கள் தோன்றும் நோயும் அரிதாக உண்டு; அது மூச்சையே அடைக்கவல்லது. இவையெல்லாம் வெளியிலிருந்து கேட்பவருக்கு “தொண்டை கட்டியிருக்கிறது” என்ற ஒரே தோற்றத்தைத்தான் தருகின்றன.

எத்தனை பிள்ளைகள்?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வரும் பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் எட்டு வயதுப் பிள்ளைகள் 7,000க்கும் மேற்பட்டோரின் குரல் ஆராயப்பட்டு, அதன் முடிவு 2006இல் வெளியிடப்பட்டது. பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் நூற்றுக்கு 6 பிள்ளைகளிடம் குரல் குறைபாட்டைக் கண்டனர்; பெற்றோர்களோ நூற்றுக்கு 11 பிள்ளைகளிடம் கண்டதாகக் கூறினர். மூத்த உடன்பிறப்புகள் பலர் உள்ள வீட்டுப் பிள்ளைகளிடம் இக்குறைபாடு மிகுதியாக இருந்தது என்பதும் அவ்வாய்வின் முடிவுகளுள் ஒன்று. அண்ணன்மாரும் அக்காமாரும் பேசும் வீட்டில் கடைக்குட்டி தன் சொல்லைக் கேட்கச் செய்ய வேண்டுமானால் குரலை உயர்த்தத்தானே வேண்டும்!

அயல்நாட்டுக் கணக்கை அப்படியே நம் நாட்டிற்குப் பொருத்துதல் முறையாகாது. எனினும், நூற்றுக்கு ஆறு என்றால் முப்பத்தைந்து பேர் கொண்ட வகுப்பில் இருவர். ஆசிரியப் பெருமக்கள் தத்தம் வகுப்பை ஒருமுறை மனக்கண்ணால் நோக்கினால், அவ்விருவரின் முகமும் தோன்றக் கூடும்.

குரல் கெட்டால் கெடுவது யாது?

“வலி இல்லை, காய்ச்சல் இல்லை, உண்கிறான், உறங்குகிறான், குரல் சற்றுக் கரகரப்பாக இருந்தால் என்ன?” என்று கேட்பார் உளர். நாமும் முன்பு அவ்வாறே எண்ணினோம். இவ்வினாவுக்கு விடை காணவே மருத்துவ அறிஞர்கள் குரலை மட்டும் அளந்து நில்லாமல், குரலால் பிள்ளையின் வாழ்வு எவ்வாறு பாதிப்புறுகிறது என்பதையும் அளக்க முற்பட்டனர். பெரியவர்களுக்காக 1997இல் 30 வினாக்கள் கொண்ட வினாநிரல் ஒன்று அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. அதனைத் தழுவிப் பிள்ளைகளுக்கென 23 வினாக்கள் கொண்ட நிரல் 2007இல் வெளிவந்தது. அதற்குப் பெற்றோரே விடையளிப்பர். அவ்வினாக்கள் மூவகைப்படும்: அன்றாடச் செயல், உடல், உள்ளம். அம்மூன்றையும் நம் பள்ளி வாழ்வோடு ஒப்பிட்டு நோக்குவோம்.

முதலாவது, அன்றாடச் செயல். இரைச்சல் மிகுந்த இடத்தில் இப்பிள்ளையின் பேச்சு பிறர் காதில் விழுவதில்லை. சிற்றுண்டிச்சாலையில் “அக்கா, ஒரு நாசி லெமாக்,” என்று மூன்று முறை சொல்லியும் கேளாமல், பின்னால் நின்றவன் முன்னால் வாங்கிச் சென்றுவிடுகிறான். குழு விளையாட்டில் பந்தைக் கேட்டுக் கூவினால் பந்து வருவதில்லை. வகுப்பில் விடை அறிந்தும் கை உயர்த்துவதில்லை. உயர்த்தினால் “சத்தமாகச் சொல்” என்ற கட்டளை வரும் என்று அவனுக்குத் தெரியும். இன்றைய பாடத்திட்டத்தில் கேட்டலும் பேச்சும் தனித் திறன்களாக மதிப்பிடப்படுகின்றன. பேசாத பிள்ளை அறியாத பிள்ளையாகவே கணிக்கப்படும் இடர் இங்கு உண்டு.

இரண்டாவது, உடல். குரலை வருத்தி எழுப்பும் பிள்ளை ஒரு தொடரை முடிப்பதற்குள் மூச்சு முட்டுகிறது. கழுத்துத் தசைகள் இறுகுகின்றன. காலையில் ஓரளவு தெளிவாயிருந்த குரல் பள்ளி முடியும் வேளையில் தேய்ந்து போகிறது. மாலையில் தனிப்பயிற்சி வகுப்புக்கும் சமய வகுப்புக்கும் அதே குரலை எடுத்துச் செல்ல வேண்டியுள்ளது. களைப்பை அப்பிள்ளை எடுத்துச் சொல்வதில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் என்று எண்ணிக்கொள்கிறது.

மூன்றாவது, உள்ளம். இதுவே ஆழமானது. அமெரிக்காவில் குரல் குறைபாடுள்ள 40 பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் நேரில் கண்டு வினவிய ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. தங்கள் குரலைப் பற்றிப் பிள்ளைகளே பேச முன்வந்தனர். குரல் தங்கள் உடலையும் பழக்கத்தையும் மனத்தையும் வருத்துவதை அவர்களே எடுத்துரைத்தனர். “சிறு பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது” என்ற நம் எண்ணம் தவறு என்பதை இஃது உணர்த்துகிறது. தவளை என்று அழைக்கப்பட்டபோது சிரித்த நம் மாணவனும் மகிழ்ச்சியால் சிரிக்கவில்லை. அழுதால் அந்தக் குரலும் கேலிக்கு உள்ளாகும் என்று அவன் அஞ்சியிருக்கலாம்.

கால் ஊனமுற்ற பிள்ளையைக் கண்டால் நாம் இரங்குகிறோம். கண் பார்வை குன்றிய பிள்ளையை முன்வரிசையில் அமர்த்துகிறோம். குரல் கெட்ட பிள்ளையை மட்டும், “கத்திக் கத்தித்தானே கெடுத்துக்கொண்டாய்!” என்று கடிந்துகொள்கிறோம். இஃது அறமாகுமா?

நாம் செய்த குற்றம்

கத்திக் கெட்டது என்று வைத்துக்கொண்டாலும், கத்தக் கற்பித்தவர் யார்? பிள்ளைகள் நாற்பது பேரும் ஒருசேரத் தொண்டை கிழிய வாய்ப்பாடு ஒப்புவித்தால், “இதுவன்றோ சுறுசுறுப்பான வகுப்பு” என்று மகிழ்கிறோம். காலைச் சபைகூடலில் “வணக்கம்” என்று பிள்ளைகள் சொன்னதும், “கேட்கவில்லை, இன்னும் சத்தமாக!” என்கிறோம். பேச்சுப் போட்டிக்குப் பயிற்சியளிக்கும்போது மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி முழங்கச் சொல்கிறோம். விளையாட்டுப் போட்டியில் இல்லத்தை ஊக்குவிக்க மணிக்கணக்காய்க் கூவச் செய்கிறோம். மறுநாள் பாதி வகுப்பு குரலிழந்து அமர்ந்திருப்பதைக் கண்டு நகைக்கிறோம்.

வகுப்பறையின் அமைப்பும் துணை செய்வதில்லை. சுற்றிலும் இரைச்சல் மிகும்போது, மனிதர் தம்மையறியாமலேயே குரலை உயர்த்துவர் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911இல் எடுத்துக்காட்டினார். உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டியில், பாடவேளையில் வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபெலைத் தாண்டலாகாது என்று பரிந்துரைத்தது. சாதாரண உரையாடலே ஏறத்தாழ 60 டெசிபெல். மேலே சுழலும் மின்விசிறிகளும், மரத் தடுப்புக்கு அப்பால் நடக்கும் மற்றொரு வகுப்பும், வேலியை ஒட்டிய நெடுஞ்சாலையும் உள்ள பள்ளியில் 35 என்பது கனவே. அங்கு ஆசிரியர் உரக்கப் பேச, பிள்ளைகள் அதனினும் உரக்கப் பேச, இரைச்சல் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. இதனால் பாதிப்புறுவோர் பிள்ளைகள் மட்டும் அல்லர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் குரலிழந்து, சுண்ணக்கட்டியால் மட்டுமே பாடம் நடத்திய நாள்கள் எம்மில் பலருக்கும் நினைவில் உள்ளன. புகைமூட்டம் சூழ்ந்த 2015, 2019 போன்ற ஆண்டுகளில் தொண்டை எரிச்சல் எத்துணை கொடிது என்பதையும் யாவரும் அறிவர்.

இரு மறுப்புரைகள்

“வயது வந்தால் தானே சரியாகிவிடும்,” என்பது முதல் மறுப்பு. இதில் ஓரளவு உண்மை உண்டு. குரல்நாண் முடிச்சுகள் பல, பருவமெய்தும் காலத்தில், குறிப்பாகச் சிறுவரிடம், மறைந்துவிடுகின்றன. ஆயின் ஏழு வயதில் கம்மிய குரல் பதின்மூன்று வயதில் தெளியும் என்றால், இடைப்பட்ட காலம் யாது? தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளும் அன்றோ! பேசக் கற்கும் ஆண்டுகள், நட்புக் கொள்ளும் ஆண்டுகள், மேடை அச்சம் தெளியும் ஆண்டுகள் எல்லாம் அவையே. குரல் தெளியும் நாளில் பேசும் துணிவு போய்விட்டிருந்தால், தெளிந்த குரலால் என்ன பயன்? மேலும், எல்லாக் கம்மலும் முடிச்சு அன்று என்பதை முன்னரே கூறினோம். காத்திருக்கத் தகாத நோயும் அதே ஒலியோடு வரலாம்.

“பேச்சுப் போட்டியில் குரல் வளத்திற்குப் புள்ளி தருவது எவ்வாறு தவறாகும்? ஓட்டப் போட்டியில் காலுக்குத்தானே பரிசு?” என்பது இரண்டாவது மறுப்பு. இதனையும் எளிதில் தள்ளிவிட இயலாது. போட்டி என்றால் ஒருவர் மற்றவரை வெல்லத்தான் செய்வர். ஆனால், தொடக்கப்பள்ளியில் போட்டியின் நோக்கம் மேடைப் பேச்சாளர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதா, முப்பத்தைந்து பேரையும் பேச வைப்பதா? குரல் வளம் என்பதை இயற்கை அளித்த ஒலிநயம் என்று கொண்டால், பயிலாதவனுக்கும் புள்ளி உண்டு. பயின்றவனுக்கும் இல்லாமற் போகலாம். பொருளுக்கேற்ற ஏற்ற இறக்கம், நிறுத்தம், தெளிந்த உச்சரிப்பு என்று கொண்டால், கம்மிய குரலாலும் அதனை ஈட்டலாம். கற்பிக்கத்தக்கது எதுவோ அதற்கே பள்ளியில் புள்ளி வழங்க வேண்டும் என்பது எம் கருத்து. ஒலிவாங்கி இருக்கையில் முழக்கத்திற்குப் புள்ளி எதற்கு?

குழந்தைகளின் மழலைச் சொல்லை இனிய இசைக்கருவிகளின் ஒலியினும் மேலாக வைத்தவர் வள்ளுவப் பெருந்தகை. குரல் தெளிந்த குழந்தையின் மழலைதான் இனிது என்று அவர் வரையறுக்கவில்லை. நாமும் வரையறுக்க வேண்டா.

செய்யத்தக்கவை

பெற்றோர்களே! சளியோ காய்ச்சலோ இன்றி, அல்லது அவை நீங்கிய பின்னரும், பிள்ளையின் குரல் நான்கு வாரங்களுக்கு மேல் கம்மியிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் கழகம் 2018இல் புதுப்பித்த வழிகாட்டியில், நான்கு வாரங்களில் குணமாகாத குரல் கம்மலுக்குக் குரல்வளையை நேரில் நோக்கி ஆராய வேண்டும் என்று கூறியுள்ளது. மூச்சு இழுக்கும்போது சீழ்க்கை போன்ற ஓசை எழுந்தாலோ, விழுங்கத் தடுமாறினாலோ, மூச்சுத் திணறினாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மிளகும் மஞ்சளும் இட்ட பாலும், அதிமதுரமும் தொண்டைக்கு இதம் தரலாம். ஆயினும் நாம் விழுங்குவது உணவுக் குழாய் வழியே செல்கிறது; குரல்நாண்களைத் தொடுவதில்லை. தொட்டால் புரையேறிவிடும். ஆகவே கைவைத்தியத்தை மட்டுமே நம்பி ஆண்டுகளைக் கழிக்க வேண்டா. ஈளை நோய்க்கு உறிஞ்சு மருந்து பயன்படுத்தும் பிள்ளை, ஒவ்வொரு முறையும் அதன் பின்னர் வாய் கொப்பளிக்கப் பழக வேண்டும். அம்மருந்தாலும் குரல் கம்மக் கூடும். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்திவிடவும் கூடாது. எப்போதும் உரக்கப் பேசும் பிள்ளைக்குச் செவிப்புலனையும் சோதித்துப் பார்த்தல் நலம்.

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் தொடங்கினால், அங்கிருந்து பொது மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அனுப்புவர். முடிச்சு என்று அறியப்பட்டால் பெரும்பாலும் கத்தி வைப்பதில்லை. குரல் பயிற்சியே முதல் மருத்துவம். மூச்சை ஆளுதல், மென்மையாகக் குரல் எழுப்புதல், கூவாமல் பிறரை அழைத்தல் ஆகியவற்றைச் சிகிச்சையாளர் விளையாட்டுப் போலக் கற்பிப்பர். நம் நாட்டில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995இல் இத்துறைக்கான பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இச்சிகிச்சையாளர் முறையாகப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். தமிழில் பேசிப் பிள்ளைக்குப் பயிற்சி தரவல்லவர் இன்னும் பலர் தேவை. இதனைப் படிக்கும் மாணவமணிகளே, மருத்துவர், பொறியியலாளர், வழக்கறிஞர் என்று கனவு காணும் வேளையில் இத்தொழிலையும் நினைவில் கொள்ளுங்கள்.

வீட்டில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கும் வழக்கத்தை உண்டாக்குங்கள். தொலைக்காட்சியை மீறிப் பேசச் செய்யாதீர்கள். அடுக்களையிலிருந்து பெயர் சொல்லிக் கூவாமல் அருகில் சென்று அழையுங்கள். பிள்ளையும் அவ்வாறே செய்யும். தண்ணீர் போத்தலில் வெறும் தண்ணீரைக் கொடுத்தனுப்புங்கள். “பேசாதே” என்று முற்றாக வாயடைப்பதும், நாள் முழுவதும் கிசுகிசுக்கச் சொல்வதும் மருந்தாகா. வலிந்து கிசுகிசுப்பதும் குரல்வளையை வருத்தும்.

ஆசிரியத் தோழர்களே! கம்மிய குரலுள்ள பிள்ளையை முன்வரிசையில் அமர்த்துவோம். அதன் விடையைக் கேட்க நாமே அருகில் செல்வோம். “சத்தமாக” என்ற சொல்லுக்கு மாற்றாகத் “தெளிவாக” என்ற சொல்லைப் பழகுவோம். கைதட்டியோ மணியடித்தோ வகுப்பை அமைதிப்படுத்தினால், நம் குரலும் பிழைக்கும். பட்டப்பெயர் எழும் முதல் நாளிலேயே அதனைத் தடுப்போம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: வண்ண வளைவுகளுக்கும் பதாகைகளுக்கும் செலவிடும் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, வகுப்பறைகளில் பயன்படுத்தத்தக்க சிறு ஒலிவாங்கிகள் சிலவற்றை வாங்கித் தாருங்கள். நாற்காலிக் கால்களுக்கு இரப்பர் உறை இடுவதும்கூட இரைச்சலைக் குறைக்கும். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

மாணவமணிகளே! உங்கள் நண்பனின் குரல் உங்கள் குரலைப் போல் இல்லையெனில், அவன் சொல்வதை இன்னும் சற்றுக் கூர்ந்து கேளுங்கள். அதுவே அவனுக்கு நீங்கள் செய்யும் பேருதவி.

நிறைவாக

அந்த மாணவனுக்கு முடிச்சுகள் என்றே மருத்துவமனையில் கண்டறிந்தனர். தாயார் அரைநாள் சம்பளத்தை இழந்து, பேருந்து ஏறி, அவனைப் பல மாதங்கள் பயிற்சிக்கு அழைத்துச் சென்றார். குரல் முன்னினும் தெளிந்தது, முற்றிலும் தெளியவில்லை. அவன் ஆறாம் ஆண்டில் இருந்தபோது, நம் பள்ளி அளவிலான போட்டியின் புள்ளி முறையை மாற்றி, மேடையில் ஒலிவாங்கியையும் வைத்தோம். அவனிடம் சென்று, தொண்டை சரியாகும் வரை காத்திருக்கச் சொன்னது எம் தவறு என்று கூறி, பெயர் கொடுக்குமாறு கேட்டோம். ஒரு வாரம் கழித்துக் கொடுத்தான். கோப்பை அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கவிதையை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை சொல்லி முடித்தான். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மறுவாரம் வாசிப்பு வேளையில் தன் முறை வந்தபோது, கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்கவும் இல்லை.

1999இல் பிரேசில் நாட்டில் தொடங்கிய குரல் நாள், இன்று உலகக் குரல் நாளாக ஏப்ரல் 16ஆம் நாளில் பல நாடுகளில் கொண்டாடப்படுகிறது. நம் பள்ளி நாள்காட்டியிலும் அந்நாளைக் குறித்துக்கொள்வோம். அன்று சபைகூடலில் எவரையும் முழங்கச் சொல்ல வேண்டா. இதுவரை மேடையேறாத ஒரு பிள்ளையின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்து, அது தன் இயல்பான குரலில் சொல்வதை நாம் அமைதியாக இருந்து கேட்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் மாணவச் செல்வங்கள்!